நாற்றம் வந்தால்தான் சட்டமா?

1858ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

ஐயா,

உங்களில் ஒருவரும் உயிரோடு இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். விக்டோரியா ராணி அரியணை ஏறி 21 ஆண்டுகள் நிறைந்த அந்த ஜூன் மாதத்தை நினைவிருக்கிறதா? வெயில் கொளுத்தியது, லண்டன் நடுவே ஓடும் தேம்ஸ் ஆறு நாறியது. வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றும் கழிவறை வந்த பெருமையில், எல்லாவற்றையும் ஆற்றில் விட்டிருந்தீர்கள். உங்கள் மன்றமோ ஆற்றங்கரையிலேயே இருந்தது. திரைச்சீலைகளை ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தீர்கள். மன்றத்தை ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாற்றிவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது.

அப்புறம் வேலை எப்படி நடந்தது! ஜூலை 15 அன்று நிதியமைச்சர் டிஸ்ரேலி மசோதா கொண்டுவந்தார். ஆகஸ்ட் 2 அன்று அது சட்டமானது. பதினெட்டே நாள். பாதாளச் சாக்கடை கட்ட 30 லட்சம் பவுண்டு கடன். அதுவரை இழுத்தடிக்கப்பட்ட பொறியாளர் பசல்ஜெட்டின் திட்டத்துக்கு அதோடு வழி பிறந்தது. நல்ல வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் 1853-54இல் லண்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் காலராவில் இறந்தபோது இந்த வேகம் எங்கே போயிருந்தது? காலராவைப் பரப்புவது நாற்றமல்ல, குடிதண்ணீர் என்று கண்டுசொன்னவர் மருத்துவர் ஜான் ஸ்னோ. நோய்க்குக் காரணம் நாற்றமல்ல என்று 1855இல் உங்கள் குழு ஒன்றின் முன்பே வந்து சொன்னார். காதில் ஏறவில்லை. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த 1858 ஜூன் 16 அன்று, 45 வயதில், அவர் காலமானார். (ஜூலை 1 அன்று லின்னேயன் கழகம் என்ற லண்டன் அறிவியல் அமைப்பில், பரிணாமம் பற்றிய டார்வின், வாலஸ் கட்டுரைகள் வாசிக்கப்பட்டதையும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பழி உங்களுடையதல்ல, விடுங்கள்.)

என் மனக்குறை அதே ஆகஸ்ட் 2 பற்றியது. சாக்கடைச் சட்டம் நிறைவேறிய அன்றைக்கே இன்னொரு சட்டமும் நிறைவேறியது; கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்த இந்தியா ராணியின் கைக்குப் போனது. லண்டன் சாக்கடைக்கான கடனை லண்டன்வாசிகளின் வரியிலிருந்து அடைக்கச் சொன்னீர்கள். சரி, நியாயம். கம்பெனியின் பங்குதாரர்களுக்குத் தர வேண்டிய லாபப்பங்கை மட்டும் ஏன் இந்தியாவின் வருவாய் மீது எழுதிவைத்தீர்கள்? எங்களை ஆண்டு சம்பாதித்தவர்களுக்கு, ஆண்டு முடித்த பிறகும் நாங்களே படியளந்தோம். அந்தக் கணக்கில் உங்களில் எத்தனை பேருக்கு உறுத்தியது?

நவம்பர் 1 அன்று அலகாபாத்தில், இந்தியா இனி தன் ஆட்சியில் என்ற ராணியின் பிரகடனத்தை வைஸ்ராய் கானிங் பிரபு வாசித்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, உங்கள் நாட்டு பிராட்ஃபோர்டு சந்தையில் ஒருவர் புதினா மிட்டாய் விற்றுக்கொண்டிருந்தார். சர்க்கரை விலை கட்டுப்படியாகாததால் மிட்டாயில் மலிவான வெள்ளைப் பொடியைக் கலப்பது வழக்கம். அந்தப் பொடிக்குப் பதிலாக மருந்துக் கடை ஆள் தவறுதலாக மாற்றிக் கொடுத்திருந்தது ஆர்சனிக் என்ற விஷம். சுமார் இருபது பேர் செத்தார்கள், இருநூறு பேருக்கு மேல் படுத்த படுக்கையானார்கள். வெள்ளை ஆர்சனிக்குக்கு வாசனை கிடையாது. பிராட்ஃபோர்டும் தேம்ஸ் கரையில் இல்லை. 1860இல் பல்லில்லாத கலப்படச் சட்டம் ஒன்று போட்டீர்கள். விஷ விற்பனைக்குக் கடிவாளம் போட்ட மருந்தகச் சட்டம் வந்தபோது 1868 ஆகியிருந்தது.

இப்படிக்கு,
உங்கள் பழைய குடிமக்களின் பேரன் ஒருவன்