ஓருடம்பில் இரண்டு இதயம்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா? தலைப்பிரசவத்துக்கு இங்கே வரமுடியாமல் போனதில் எனக்கு மனத்தாங்கல்தான். விசா வந்ததும் நானே கிளம்பி வருகிறேன். அதுவரை நீ பயந்துகொண்டே இருக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். படி ஏறினால் படபடப்பு, சாயங்காலமானால் இரண்டு காலிலும் வீக்கம், ஹீமோகுளோபின் 12லிருந்து 10.8க்கு இறங்கிவிட்டது என்று போனில் அழுதாய். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேள்.

சாதாரணமாக நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடும். கூடுவதில் பெரும்பங்கு பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி. சிவப்பணுக்களும் கூடும்தான், ஆனால் அந்த வேகத்துக்கு இல்லை. அதனால் ரத்தம் கொஞ்சம் நீர்த்து, டெஸ்டில் எண் குறைவாகக் காட்டும். உனக்குள் இருந்த ரத்தம் எங்கேயும் போய்விடவில்லை, சாமி. ஆனாலும் ஏழாம் மாதத்தில் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்றுதான் கணக்கு. ஆகவே டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாளும் விடாதே. டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு போடு. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான். எண் ஏற வாரக்கணக்கில் ஆகும். ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது 6, 7 என்று வந்த பெண்களைப் பார்த்து நெஞ்சு பதைத்திருக்கிறேன். உன்னுடையது சரிசெய்யக்கூடியது.

படபடப்புக்கு வருவோம். கைமுஷ்டி அளவுள்ள இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி என்ற கணக்கில் நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளும். இப்போது அது 6, 7 லிட்டர் தள்ளியாக வேண்டும். அதனால் துடிப்பும் நிமிஷத்துக்குப் பத்து இருபது கூடியிருக்கும். மெதுவாக ஏறு, நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள். படுத்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

கால் வீக்கம் எதனால் என்றால், இதயத்தின் உந்துதல் பாதம் வரை ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திரும்பி மேலே ஏறுவதற்கு அந்த வேகம் போதாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்கிற குழாய்களைப் பிழிந்து மேலே தள்ளும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் கீழே வழியவிடாது. அந்த வால்வுகள் ரத்தத்தை இதயத்தின் பக்கம் மட்டுமே விடுகின்றன என்று வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய டாக்டர் கையில் கயிறு கட்டிச் செய்துகாட்டி 1628லேயே எழுதிவிட்டார். உனக்கோ கர்ப்பப்பை பெரிதாகி, காலிலிருந்து வரும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. அந்தச் சிரை முதுகெலும்புக்கு வலப்பக்கம் இருக்கிறது. அதனால்தான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்காக உட்காராமல் அவ்வப்போது எழுந்து நட. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கித் தலைவலியோ கண்மங்கலோ வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. ராத்திரியானாலும் கிளம்பு.

சரி, இனி நான் ஆசையாகச் சொல்ல நினைத்தது. உள்ளே இருக்கிற குட்டியின் இதயம் நிமிஷத்துக்கு 110லிருந்து 160 முறை வரை துடிக்கும். உன் ரத்தமும் அதன் ரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் அதனுடையது. ஆக்ஸிஜனும் சத்தும் சவ்வைத் தாண்டிப் போகும். அதற்கு நுரையீரல் இருக்கிறது, ஆனால் காற்று இல்லை. நாற்று நடாத வயலுக்குத் தடப்பள்ளி வாய்க்காலில் யாரும் மடை திறந்துவிட மாட்டார்கள் அல்லவா, அது மாதிரி நுரையீரலுக்குக் கொஞ்சம் ரத்தம்தான் போகும். மீதி, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள துளை வழியாக இடப்பக்கம் தாண்டிவிடும். நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலிருந்து, உடம்புக்குக் கொண்டுபோகும் மகாதமனிக்கு ஒரு குறுக்குக் குழாயும் உண்டு. தொப்புள்கொடியிலிருந்து வரும் நல்ல ரத்தம் அந்தத் துளை வழியாகத்தான் மூளைக்குப் போய்ச் சேருகிறது.

பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் எல்லாம் மாறிவிடும். நுரையீரல் விரியும், ரத்தம் அங்கே பாயும், அங்கிருந்து இடது மேலறைக்கு வந்து நிரம்பும். அந்த அழுத்தத்தில் ஒரு சவ்வு மடிப்பு துளையின்மேல் சாய்ந்து அதை மூடிவிடும். குறுக்குக் குழாய் அடுத்த ஓரிரு நாளில் சுருங்கிவிடும். பிரசவ அறையில் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீலம் பாரித்து வழுக்கிக்கொண்டு வரும் பிள்ளை வீறிட்டு அழும். முதலில் உதடு, பிறகு நெஞ்சு, வயிறு என்று ரோஜா நிறம் ஏறும். உள்ளங்கையும் பாதமும் மட்டும் ஒரு நாள் வரை நீலமாகவே இருக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. அந்த நேரத்தில் தொப்புள்கொடியை விரலால் தொட்டால் துடிப்பு தெரியும். எத்தனை பிரசவம் பார்த்தாலும் அதைத் தொடும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதனால் ஒன்று கேட்டு வை. பிள்ளை பிறந்தவுடனே கொடியைக் கிள்ளிப்போடாமல், ஒரு நிமிஷமாவது பொறுத்து வெட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நஞ்சுக்கொடியில் தங்கிய ரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேரும், இரும்புச்சத்தும் கூடும். உன் ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்வார்களா என்று டாக்டரிடம் கேள். மாப்பிள்ளையும் கூட இருந்து ஞாபகப்படுத்தட்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனை எண்ணையும், பிரஷர் எவ்வளவு என்பதையும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. முருங்கைக்கீரைப் பொடி நிழலில் காயவைத்து அரைத்துவிட்டேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா