மாத்திரையை ஊருக்கு அனுப்புங்கள், ஐயா

மனநலத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு தீயில் சிக்கிச் செத்த 28 பேரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் உங்களுக்கு மனப்பாடம். நான் எழுத வந்தது மாத்திரையைப் பற்றி.

போன வாரமும் சுகாதார நிலையத்தில் என் தம்பியின் மனநோய் மாத்திரை ரிஸ்பெரிடோன் இல்லை. "இங்க ஸ்டாக் இல்லம்மா, டவுனுக்குப் போங்க" என்றார்கள். டவுன் என்றால் ராமநாதபுரம். எனக்கு ஒரு நாள் கடல்பாசி வேலை போச்சு. ஆளைப் பார்க்காமல் அங்கே மாத்திரை தர மாட்டார்கள் என்பதால் அவனையும் கூட்டிப் போக வேண்டும். பஸ்ஸில் யார் தோள் இடித்தாலும் அவனுக்குப் பயம் ஏறிவிடும், எழுந்து படிக்கட்டுப் பக்கம் போவான். பாலம் தாண்டும்வரை அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். பஸ்ஸே எங்களைத்தான் பார்த்தது. மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கும் மாதத்தில் இதே தம்பி கிழிந்த வலையைப் பொத்திக் கூலி வாங்கி வருவான்.

அம்மாவின் சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதே பையில் தம்பியின் மாத்திரையையும் போட்டால் என்ன? அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவே சொல்கிறது. சங்கிலி போடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாத்திரை இல்லாத வாரத்தில் ராத்திரி அவன் கடலுக்குப் போகாமல் எதை வைத்துத் தடுப்பது?

2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று அப்போதே எழுதிவிட்டார்கள். இன்னொரு ஆய்வு வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். எந்த மாதம் எந்த ஊரில் எந்த மாத்திரை தீர்ந்தது என்று எண்ணுங்கள். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் படகுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த வீட்டில் தூக்கம் போனவர்களுக்கு? மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணச் சொல்கிறீர்கள். பண்ணலாம், நன்றாகவே பேசுவார்கள். போன் வழியாக மாத்திரை வராதே!

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த மருந்துக் கொள்முதலில் மண்டபம் வட்டாரத்துக்கு மனநல மாத்திரைகளையும் சேர்த்து எழுதுங்கள். மாதம் முழுக்க இருக்கும் அளவுக்கு எழுதுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
பாம்பன் அக்கா ஒருத்தி