படிப்பகத்துக்குத் தண்ணீர் ஏற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

படிப்பகத்தின் மேல்தொட்டி மறுபடி நிரம்புகிறது. கழிப்பறைக் குழாய்களில் சொட்டு இல்லை. கைகொடுத்த எல்லோருக்கும் பராமரிப்புக் குழுவின் நன்றி. முதல் நன்றி குழாய் வேலை அண்ணனுக்கு. பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, ஆகவே அதை எழுதுகிறோம்.

மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. புது மோட்டார்தான் வழி என்று பேச்சு முற்றியிருந்த நேரத்தில் அண்ணன் வந்தார். பம்பின் மேல் மூடியைக் கழற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். விளிம்புவரை நின்ற தண்ணீர் மெல்ல இறங்கியது. "புட்வால்வு பிடிக்கல" என்றார். கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருந்து, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு அது. சக்‌ஷன் பைப்பை (கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் பைப்) மேலே இழுத்துப் பார்த்தால், வாஷருக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கூழாங்கல், கூடவே கொஞ்சம் நார். வால்வு முழுக்க மூடாததால், மோட்டார் நின்றதும் பைப்பில் இருந்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பியிருக்கிறது. வாஷரை மாற்றினார். ஓட்டை விழுந்திருந்த வலையையும் மாற்றினார்.

அதோடு விட்டிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். சக்‌ஷன் பக்கத்துக் கசிவு கண்ணில் படாது. மோட்டார் ஓடும்போது அந்த இடத்தில் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அண்ணன் சோப்பைக் கெட்டியாக நுரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் அப்பினார். ஒரு எல்போவின் (வளைவு இணைப்பு) கழுத்தில் மட்டும் நுரை சுர்ரென்று உள்ளே இழுபட்டது. அவ்வளவுதான், இடம் தெரிந்துவிட்டது.

கோடையில் தொல்லை வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. உறிஞ்சும் பம்புக்குத் தண்ணீரை மேலே தள்ளித் தருவது காற்றழுத்தம். அதன் உச்சமே சுமார் 10.3 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினால் எந்த மோட்டாரையும் நம்ப முடியாது, குதிரைத்திறனைக் கூட்டியும் பயனில்லை. கிணற்று மட்டம் இறங்கும்போது அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். கிணற்றின் உள்சுவரில் திண்டு கட்டிக் கொடுத்த கொத்தனாருக்கும், அதன்மேல் இரும்புச் சட்டம் அடித்துத் தந்த வெல்டருக்கும் நன்றி. மோட்டார் இப்போது அங்கே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

ஈரமான இடத்துக்கு மோட்டார் போனால் மின்சாரப் பாதுகாப்பும் கூட வேண்டும். எலெக்ட்ரீஷியன் தம்பி எர்த் கம்பியைப் புதிதாக இழுத்து, 30 மில்லியாம்ப் மின்கசிவிலேயே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றைப் போட்டார். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். விழாவிட்டால் உடனே அவரைக் கூப்பிட வேண்டும். கிணற்றில் மட்டம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் அவர் கைவேலை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் முதலில் கருகுவது பம்பின் சீல்தான்.

பைப் ஒட்டும் வேலையைப் பையன்களிடமே கொடுத்து, அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டார். நேராக வெட்டு. பிசிறை அரத்தால் எடு. ஒட்டாமல் ஒருமுறை செருகிப் பார்த்து, எவ்வளவு உள்ளே போகிறது என்று கோடு போடு. இரண்டு பக்கமும் சால்வென்ட் பசை தடவி, கால் சுற்று திருப்பித் தள்ளு. தள்ளியதும் கையை எடுக்காதே, பைப்பைச் செருகும் சாக்கெட் உள்ளே குறுகிப் போவதால் பைப் தானாகப் பின்னே வரும், அரை நிமிடமாவது அழுத்திப் பிடி. சால்வென்ட் அதிகமானால் நல்லது என்று நினைத்தவனுக்குத் திட்டு விழுந்தது, உள்ளே தேங்கும் பசை பைப்பையே இளக்கிவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் தண்ணீர் திறந்தார். டெஃப்லான் டேப்புக்கும் பாடம் உண்டு: மரையின் முனையைப் பார்த்தபடி கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது உரிந்து வந்துவிடும்.

சொட்டிய குழாய்களில் பாதிக்கு மேல், நாம்தான் பலம் கொண்டமட்டும் திருகிக் கெடுத்தவை. வாஷர் தேய்ந்தபின் திருகத் திருக, அது உட்காரும் இடமும் அரிபடும். அண்ணன் அந்த இடத்தை வழித்துச் சமமாக்கிப் புது வாஷர் போட்டிருக்கிறார். இனி இரண்டு விரலால் மூடினால் போதும்.

மேல்தொட்டியைக் கழுவிய கல்லூரி மாணவர்களுக்கும் நன்றி. முதலில் சேற்றைத் தேய்த்து வெளியேற்றினார்கள். சேறு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு 1,000 லிட்டர் தொட்டியை நிரப்பி, 5 சதவீத குளோரின் திரவம் 1 லிட்டர் ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து மூடி, 24 மணி நேரம் விட்டு வடித்தார்கள். கழிப்பறை ஆசிட் இருந்த பக்கமே அந்தத் திரவத்தைக் கொண்டுபோக அண்ணன் விடவில்லை. இரண்டும் கலந்தால் கிளம்புவது நச்சுப் புகை.

அண்ணன் கூலி வாங்கவில்லை. சாமான் பில்லை மட்டும் நீட்டினார், அதுவும் மீந்த எல்போக்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் கழித்த பிறகு. எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, மோட்டாரின் இரு பக்கமும் அவர் வைத்த யூனியன்கள், அதாவது கழற்றி மாட்டும் இணைப்புகள். அடுத்து யார் பழுது பார்த்தாலும் பைப்பை அறுக்காமல் மோட்டாரைக் கழற்றலாம். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அது எதை அடைக்கிறது என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியும் வைத்திருக்கிறார். கையெழுத்து கொஞ்சம் கோணல், படிக்க முடிகிறது.

அடுத்த முறை தொட்டி கழுவ ஆள் தேவை. உள்ளே ஒருவர் இறங்கினால், வெளியே வாயருகே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட விதி. வரக்கூடியவர்கள் படிப்பகப் பலகையில் பெயர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
படிப்பகப் பராமரிப்புக் குழுவினர்