ஆழம் தோண்டினால் கண்மாய் பெருகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரக் கட்டுரையில், 'மக்களும் அரசும் கைகோத்துப் பதினைந்தே நாளில் கண்மாயை ஆறடி ஆழப்படுத்திவிட்டார்கள்' என்று பாராட்டியிருந்தீர்கள். பக்கத்தில், கரையை ஒட்டிப் பொக்லைன் தோண்டும் படம். பாசனம் தெரிந்தவர்களை நோகடிக்க அந்த வரியும் படமும் போதும். கண்மாய்ச் செய்திகளை இத்தனை வருஷமாகப் போடும் பத்திரிகைக்கு இது தெரியாமல் இருக்காது என்பதால்தான் வருத்தம் கூடுகிறது.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். வருகிற முதல் தண்ணீர் தோண்டிய குழியை நிரப்பிய பிறகே மடை வாயைத் தொடும். மழை குறைந்த வருஷத்தில் குழி மட்டும் நிறையும், மடை காய்ந்தே கிடக்கும். தண்ணீரைத் தாங்கி நிற்பது பல தலைமுறையாகப் படிந்த களி. அதை வெட்டி அடியில் மணல் தெரிந்துவிட்டால் தேங்கும் தண்ணீரும் சீக்கிரம் இறங்கிவிடும். கரையடியில் தோண்டுவது அதைவிடக் கேடு. கண்மாய் நிறைந்ததும் கரைக்கு வெளிப்புறம் கசிவு வரும். தெளிவாக வந்தால் இரவுக் காவல் போட்டுச் சமாளிக்கலாம். கலங்கலாக வந்தால் கரைமண்ணும் சேர்ந்து அரிபடுகிறது. மணல் மூட்டை அடுக்க அதிக நேரம் இருக்காது.

தோண்டிய மண்ணை அப்படியே கரைமேல் கொட்டுவதைப் 'பலப்படுத்துதல்' என்று எழுதுகிறீர்கள். முதலில் புல்லையும் வேரையும் செதுக்கி எடுக்க வேண்டும். பழைய கரைச் சரிவைப் படிக்கட்டுபோல வெட்டிக்கொடுக்க வேண்டும். அதன்பின் முக்கால் அடிக்கு மேல் போகாத அடுக்குகளாக மண் பரப்பி, நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மண்ணும் புதிய மண்ணும் சேரும் இடத்தில் வழுக்கி, முதல் அடைமழையிலேயே மேல்மண் சரியும். வெறும் வண்டலைப் போட்டால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டுப் போவதும் வேலை ஆகாது. தூர் மறுபடி துளிர்க்கும். கரையில் தூரைப் பிடுங்கினால் அந்தக் குழியையும் மண் போட்டு இறுக்கி மூட வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இருக்கிறது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயானாலும் தண்ணீர் வந்து சேர வழி வேண்டும். மேல் கண்மாய் நிறைந்து, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். வரத்துக்கால், கலுங்கு, மடை, கரை, கடைசியில் வண்டல் என்பதுதான் வேலையின் வரிசை. வரத்துக்காலைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, கண்மாயின் வயிற்றைத் தோண்டுகிறார்கள். வரத்துக்காலில் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், ஊரில் பகை வரும். குழி தோண்ட யார் பகையும் வராது.

2017-ல், ஊரார் பங்கோடு நீர்நிலையைச் சீர்செய்யும் குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது, பணி மதிப்பில் பத்தில் ஒரு பங்கு பாசனதாரர் பங்கு என்றார்கள். எத்தனையோ ஊர்களில் அது வெறும் கையெழுத்தாகச் சுருங்கியது. அதே ஆண்டு வண்டல் எடுக்க விதி வந்தது: நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, அதாவது 25, 30 டிராக்டர் நடை. 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் முக்கால் அங்குலக் கனம்கூட வராது. வயலுக்கு வேண்டியது அந்த மேல் வண்டல்தான். ஆறடி ஆழம்வரை தோண்டி எடுத்த அடிமண் யார் வயலுக்கும் எரு ஆகாது. அது எங்கே போயிற்று என்று உங்கள் நிருபர் கேட்டிருக்க வேண்டாமா? நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, இருந்தால் ஒரு துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று கண்மாயைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சங்கிலியாக ஓடும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு தெரியாது என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி தூர்வாரும் படம் போடும்போது, கலுங்கு மட்டம், மடை அடிமட்டம், தோண்டிய தரைமட்டம் ஆகிய மூன்று அளவுகளைக் கேட்டு வாங்கிப் படத்துக்குக் கீழே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி,
ராமநாதபுரம் மாவட்டம்.