இதய அறுவைக்கு முன் சொல்லும் அந்தச் சதவீதம்: துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் இதய அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பைபாஸுக்கோ வால்வு மாற்றத்துக்கோ கையெழுத்து வாங்கும்போது, "ரிஸ்க் ரெண்டு சதவீதம்தான்" என்று உறவினர்களிடம் சொல்கிறோம். அந்த ரெண்டைக் கணக்கிடும் விதமும் சொல்லும் விதமும் மாற வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பல இடங்களில் அந்த எண், நோயாளியின் விவரங்களை நிரப்பினால் இதய அறுவையில் இறக்கும் வாய்ப்பைச் சதவீதமாகக் கணித்துத் தரும் யூரோஸ்கோர் 2 என்ற கணக்கியிலிருந்து வருகிறது. 2010இல் 43 நாடுகளின் 154 மருத்துவமனைகளில் திரட்டிய 22,381 பேரின் விவரங்களிலிருந்து உருவாகி, 2012இல் வெளியானது. நல்ல கருவிதான். நாம் நிரப்புவதில்தான் கோளாறு.

முதலில் சிறுநீரகம். 68 வயதுப் பெண், எடை 45 கிலோ, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.1. லேப் ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் 'நார்மல்' என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 140இல் வயதைக் கழித்தால் 72. அதை எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால், சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மி.லி. என்று வருகிறது. 85க்கு மேல் இருந்தால்தான் நார்மல். 50க்குக் கீழே மோசமான பிரிவு. ஒல்லியான, வயதான பெண்களுக்கு இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நேற்றைய எடையை எழுதாமல் "சுமார் 60" என்று போடுவதும் இதே தவறுதான்.

சர்க்கரை நோயில், இன்சுலின் போடுபவருக்கு மட்டுமே கணக்கியில் இடம். மாத்திரையில் இருப்பவரின் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனை) 11 ஆக இருந்தாலும் அதன் கணக்கில் பூஜ்யம். 60 வயது வரை எல்லோருக்கும் ஒரே வயது மதிப்பெண். நம் ஊரில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு வரும் இளவயதினருக்குக் கல்லீரலும் வீங்கி, மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபின் ஏறியிருக்கலாம்; அதற்குக் கட்டமே கிடையாது. இப்படிப்பட்டவருக்கு எண்ணோடு உங்கள் அனுபவத்தையும் சேர்த்து, எழுத்தில் வையுங்கள்.

இன்னொன்று, அந்த எண் எதைச் சொல்கிறது என்பது. அறுவை நடந்த அதே மருத்துவமனையில் இறப்பதை மட்டும்தான் யூரோஸ்கோர் 2 சொல்கிறது. எட்டாம் நாள் வீட்டுக்குப் போய், நெஞ்செலும்புக் காயத்தில் சீழ் பிடித்து, வேறு ஊர் மருத்துவமனையில் இருபதாம் நாள் இறந்தவர் இதில் சேரமாட்டார். உறவினர்களோ எல்லாம் சேர்ந்துதான் ரெண்டு என்று நம்புகிறார்கள். பக்கவாதம், டயாலிசிஸ், நீண்ட நாள் வென்டிலேட்டர் ஆகியவற்றின் வாய்ப்பையும், அறுவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் தனித்தனியே சொல்லுங்கள். "இவரைப் போன்ற நூறு பேரில் ரெண்டு பேர்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

எண்ணை அறுவைக்கு முந்தைய நாளே ஒப்புதல் படிவத்தில் தேதியோடு எழுதிவிடுங்கள். முடிவு தெரிந்தபின் கட்டங்களைத் திருத்த வேண்டாம். முப்பதாம் நாள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போகட்டும். ஆண்டு முடிவில் எல்லோருடைய சதவீதங்களையும் கூட்டிப் பாருங்கள்: 300 அறுவைகளின் கூட்டல் 900 என்றால், எதிர்பார்த்த இறப்பு 9. நடந்தது எத்தனை?

ஆனால் 100 அறுவையில் 3 எதிர்பார்த்து 6 நடந்தால், அது தற்செயலாகவும் இருக்கலாம். உடனே அறுவை மருத்துவரைக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஆறு கேஸ் ஷீட்டையும் மேசையில் விரித்துப் படியுங்கள். தண்டனைப் பயம் வந்துவிட்டால், பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 25க்குக் கீழே இருப்பவரை யாரும் தொடமாட்டார்கள். அறுவையால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் அவர்களில்தான் பலர்.

அன்புடன்,
இதய அறுவைக் குழுக்களில் பணிபுரிவோர்