ஆறு இருக்கிறது, நாலு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு பேஸ்பாலும் வருவதையொட்டி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேப் ரூத், ஜாக்கி ராபின்சன், ஹாங்க் ஆரோன் என்று பெட்டிச் செய்தியும் போட்டிருந்தீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நாற்பது வருடமாக மனதில் கிடக்கும் ஒரு பெயர் எங்காவது தென்படுகிறதா என்று கடைசி வரி வரை தேடினேன். இல்லை. அவர் ஆடிய நாட்டிலேயே மறந்துவிட்டார்கள், உங்களைச் சொல்லி என்ன? நானே எழுதிவிடுகிறேன். லூ விட்டேக்கர். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் செகண்ட் பேஸ் ஆட்டக்காரர்.

1983-ல் மேற்படிப்புக்காக டெட்ராய்ட் போனவன் நான். அடுத்த கோடையில் அறைத்தோழன் ஒருவன் டைகர் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். முதல் 40 ஆட்டத்தில் 35-ஐ ஜெயித்து ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்திருந்த வருடம் அது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடித்தவன் பேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறான், எதற்கு என்று தெரியவில்லை. அப்போது ஒல்லியான கறுப்பின இளைஞர் ஒருவர் பேட்டோடு வந்தார். அரங்கம் முழுக்க 'ஊ...' என்று ஒரே சத்தம். நம்மூர் டூரிங் டாக்கீஸில் ரீல் அறுந்தால் கிளம்புமே, அதே சத்தம். எனக்குச் சுருக்கென்றது. நிறத்தைப் பார்த்து ஊளையிடுகிறார்களோ என்று பக்கத்து இருக்கையைப் பார்த்தால், அங்கே இருந்த கறுப்பினப் பெரியவரும் அடிவயிற்றிலிருந்து 'ஊ...' என்கிறார்! கேட்டேவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வேர்க்கடலை சிந்தியது. பிடிக்காதவரைப் பார்த்து 'பூ...' என்று கத்துவது அந்த ஊர் வழக்கம். இது 'பூ' இல்லை தம்பி, 'லூ' என்றார்.

அன்று அவர்தான் ஸ்கோர் கார்டு எழுதக் கற்றுக்கொடுத்தார். மைதானத்துச் சதுரத்தின் மூலைகள்தான் பேஸ். அடித்தவர் அவற்றை வரிசையாகத் தொட்டுச் சுற்றிவந்தால் ஒரு ரன்; அவர் ஓடியாக வேண்டிய பேஸுக்குப் பந்து முந்திக்கொண்டால் அவுட். ஆட்டக்காரரின் இடத்துக்கு ஒரு எண். பந்து எறியும் பிட்ச்சர் 1, நம் விக்கெட் கீப்பர் மாதிரி நிற்கும் கேட்ச்சர் 2, முதல் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. தரையோடு வந்த பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து செகண்ட் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் போய் ஒரே அடியில் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3 என்று எழுத வேண்டும். டபுள் பிளே. எழுதினால் மூன்று எண். நடுவிலிருக்கும் அந்த 4-இன் பாட்டைப் பார்க்க வேண்டும். பந்து ஒரு பக்கமிருந்து வருகிறது. முதல் பேஸிலிருந்து ஓடிவருபவன் முதுகுப் பக்கமாக, காலை வாரிவிடவே சறுக்கிக்கொண்டு வருகிறான். விட்டேக்கர் பேஸை மிதித்து, எகிறி, அந்தரத்திலேயே உடம்பைத் திருப்பி எறிவார். கீழே இறங்கும்போது பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முகத்தில் ஒரு அலட்டலும் இருக்காது, பால் பாக்கெட் வாங்கிவந்தவர் மாதிரி திரும்பி நடப்பார்.

அந்த 6 ஆலன் ட்ராமல். 1977 செப்டம்பர் 9 அன்று பாஸ்டனில் இருவரும் ஒரே ஆட்டத்தில் அறிமுகமானார்கள். சேர்ந்து ஆடியது 1,918 ஆட்டங்கள். அங்குள்ள இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அதுவரை எந்த இருவரும் அத்தனை ஆட்டம் ஜோடியாக ஆடியதில்லை. 1984-ல் உலகக் கோப்பை மாதிரியான வேர்ல்டு சீரிஸையும் ஜெயித்தார்கள். பேஸ்பால் மேதைகளுக்கு இடம் தந்து கௌரவிக்கும், கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2018-ல் ட்ராமல் போய்விட்டார். தகுதியானவர்தான், சந்தோஷம். மேடையில் அவரே லூவை நினைவுகூர்ந்து, நீயும் ஒருநாள் இங்கே வர வேண்டும் என்றார். ஆறு இருக்கிறது. நாலு எங்கே?

அங்கே யார் போவது என்பதை ஓட்டுதான் முடிவு செய்யும். 2001-ல் ஓட்டுப் போட்ட 515 பத்திரிகையாளர்களில் லூவுக்குக் கிடைத்தது 15 ஓட்டு. 5 சதவீதம் வராவிட்டால் அடுத்த வருடம் பட்டியலிலேயே பெயர் இருக்காது. முதல் வருடத்திலேயே கதை முடிந்தது. 2019-ல் பழையவர்களை மறுபடி பார்க்கும் 16 பேர் குழுவிடம் போனது, 6 ஓட்டு. 12 வேண்டும்.

அதே காலத்து செகண்ட் பேஸ்காரர், சிகாகோ கப்ஸ் அணியின் ரைன் சாண்ட்பெர்க், 2005-ல் உள்ளே போனார். அவருடைய ஹிட், அதாவது அடித்துப் பேஸைச் சேர்ந்தது, 2,386, லூவுடையது 2,369. நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன்னில் சாண்ட்பெர்க் முந்துகிறார், 282-க்கு 244. ஆனால் வாக்கில் லூ 1,197, சாண்ட்பெர்க் 761. வாக் என்றால், பிட்ச்சர் நாலு பந்தை இலக்குக்கு வெளியே போட்டால் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போவது. நம் வைட் பந்து உதிரி ரன்னில் போய்விடுகிற மாதிரி, இதுவும் பேட்டிங் சராசரியில் ஏறாது. அந்தக் காலத்து நிருபர்கள் சராசரியைத்தான் பார்த்தார்கள். விட வேண்டிய பந்தை விடுவதும் ஆட்டம்தானே? ராகுல் டிராவிட் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பந்தை விட்டதற்கே கைதட்டியவர்கள் நாம். இன்னொன்று, லூ நிருபர்களிடம் வாயாடுகிற ஆளும் இல்லை. ஓட்டு போடுகிறவர்களோ நிருபர்கள்.

1985-ல், லீகின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து ஆடவைக்கும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு மினியாபொலிஸ் போனவர், சீருடையைக் கார் பின்சீட்டில் மறந்துவிட்டார். அரங்கத்துக் கடையில் ரசிகர்களுக்கு விற்கும் சட்டை ஒன்றை வாங்கி, முதுகில் மார்க்கர் பேனாவால் தன் எண்ணான 1 என்று எழுதிக்கொண்டு ஆடினார். அந்தச் சட்டையை ஸ்மித்சோனியன் கேட்டு வாங்கி வைத்திருக்கிறது. சட்டைக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

2022 ஆகஸ்டில் டைகர்ஸ் அந்த 1-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று விழா எடுத்தார்கள். பேரன் போனில் அந்த வீடியோவை எடுத்துக் கொடுத்தான். தலை நரைத்த லூ நடந்து வர, மறுபடியும் அதே சத்தம். சமையலறையிலிருந்து என் மனைவி, "யாரைப் போட்டு இப்படி ஊளையிடறாங்க?" என்றாள். பழைய ட்ரங்குப் பெட்டியிலிருந்து அந்த 1984 ஸ்கோர் கார்டை எடுத்துக்கொண்டு போய் விளக்கினேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது. 6-4-3 மட்டும் படிக்கக் கூடியதாக இருக்கிறது, நான்தான் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

ஒலிம்பிக் நெருங்கும்போது நீங்கள் மறுபடியும் பெட்டிச் செய்தி போடுவீர்கள். ஓரத்தில் ஒரு வரி இடம் கொடுங்கள்: லூ விட்டேக்கர், செகண்ட் பேஸ், டெட்ராய்ட், 1977–1995. படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய டெட்ராய்ட்வாசி,
ஸ்ரீரங்கம்.