இயற்கை வைத்தியர்களும் நோயை அறிவிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரெஸ்ஸராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். இப்போது ஜனம் டவுனுக்குக் குடிவந்துவிட்டது. நாள்பட்ட இருமல், சளி என்றால் பலர் இயற்கை வைத்தியரிடம் போகிறார்கள். தமிழில் பேசுகிறார், பொறுமையாகக் கேட்கிறார். அதில் எனக்குக் குறையில்லை.

போன வருஷம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) செம்பனைக் குலை வெட்டும் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருமல். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் பனியன் பிழியுமளவு வியர்வை, இடுப்பில் நிற்காத கால்சட்டை. வைத்தியர் நீராவிக் குளியலும் பழச்சாறும் மிளகுக் கஷாயமும் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரத்தம் துப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காசநோய். அதற்குள் கூடப் படுத்துத் தூங்கிய பேரப்பிள்ளைக்கும் தொற்றிவிட்டது. வைத்தியருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. "நான் யாரிடம் சொல்வது, சொன்னால் எடுத்துக்கொள்வார்களா?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, வீட்டில் தொற்றுநோய் இருப்பது தெரிந்தால் அங்குள்ள பெரியவர்கள் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. சிகிச்சை தரும் டாக்டர் பாரம் (படிவம்) நிரப்பி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். டெங்கி, காலரா என்றால் 24 மணி நேரத்துக்குள். காசநோய்க்கு ஒரு வாரம். வீட்டுக்காரருக்குக்கூடக் கடமை உண்டு. டாக்டர் அல்லாமல் நோயாளியைக் கவனிப்பவருக்கும் உண்டு. ஆனால் நடுவில் நின்று நாடி பார்க்கும் இயற்கை வைத்தியரை அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்ய 2016-இல் தனிச் சட்டம் வந்தாயிற்று. பதிவோடு இந்தக் கடமையையும் தெளிவாகச் சேர்த்தால் என்ன?

கனடாவின் ஒண்டாரியோவில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பதிவு பெற்ற இயற்கை மருத்துவர், தன்னிடம் வந்தவருக்கு, அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலுள்ள நோய் இருக்கிறது அல்லது இருக்கலாம் என்று கருதினாலே சுகாதார அதிகாரிக்கு அறிவித்தாக வேண்டும். அந்த 'இருக்கலாம்' என்பதுதான் எனக்குப் பிடித்தது. இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கண் சிவந்திருக்கும், கெண்டைக்காலை லேசாக அழுத்தினாலே ஆள் துடிப்பார். முதல் ஆளைப் பற்றித் தகவல் போனால், அவர் வேலை செய்த வாய்க்காலையும் கூட வேலை பார்த்தவர்களையும் சுகாதார அதிகாரிகள் போய்ப் பார்ப்பார்கள். போகாவிட்டால் அடுத்த வாரம் அதே வாய்க்காலில் இன்னொருவர் செருப்பில்லாமல் இறங்குவார். சொன்னால் வாடிக்கை போய்விடும் என்று வைத்தியர்கள் பயப்படுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் அந்தப் பயம் குறையும்.

சட்டம் திருந்த நாளாகும், சரி. அதுவரை சுகாதார அமைச்சு ஒன்று செய்யலாம்: எந்த நோய்க்கு யாருக்குப் போன் செய்வது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து, ஒவ்வொரு இயற்கை வைத்தியருக்கும் கொடுக்கட்டும். எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பாரத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லித்தர நான் தயார்.

ஓய்வுபெற்ற தோட்ட டிரெஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்